நாலு வெட்டு, மூணு அடி

அழகனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கடை வாசலில் வந்து நின்று கேட்க வேண்டாம். இருபத்தாறு வருடம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்தவன் நான். ஆனால் தகுதி உள்ளவன் எவனும் இதுவரை எழுதவில்லை. கொழும்பிலிருந்து வந்து எழுதியவர்கள் எல்லாரும் எங்கள் குழுவின் தலைவன் லியனார்ட் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள். லியனார்ட் நன்றாகப் பேசுவான். பொய்யும் நன்றாகவே சொல்வான்.

என் பெயர் ஜெயகாந்தன். அக்கரப்பத்தனை பஜாரில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். வருடத்தில் சில நாள் கடையைப் பூட்டிவிட்டு 'எட்டாம் நம்பர் மலை' என்ற குழுவில் பேஸ் கித்தார் வாசித்து வந்தேன். முப்பத்தைந்து வருடம் ஓடிய குழு அது. மலையகத்தில் ரொக் இசை என்று பேச்செடுத்தால் முதலில் வருகிற பெயர். எங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் பூண்டுலோயாவில் ராப் பாடுகிறார்கள். கொழும்பில் ஒரு சிங்களக் குழு எங்கள் தாளத்தை எடுத்து மேடையேற்றுகிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் எங்களைப் பற்றி முந்நூறு பக்கம் ஆராய்ச்சி எழுதிப் பட்டம் வாங்கியிருக்கிறாள். அந்த முந்நூறு பக்கத்தில் அழகன் என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

அழகன் எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனில் நாலாம் லயத்து வரிசை வீட்டுக்காரன். தகப்பன் மாயாண்டி தப்பு என்கிற தோல் பறை அடிப்பவர். அழகனும் அடிப்பான், கோயில் திருவிழா, காமன் கூத்து, சாவு, எல்லாவற்றுக்கும். பிழைப்புக்குக் கவ்வாத்து வேலை. ஓங்கிப்போன தேயிலைச் செடியை சில வருடங்களுக்கு ஒரு தடவை கத்தியால் வெட்டிக் குட்டையாக்குவதுதான் கவ்வாத்து. கை காய்த்துப்போகும், முதுகு வளைந்துபோகும். அழகனுக்குக் கை மட்டும்தான் காய்த்தது. ஆள் குள்ளம். பேச்சு குறைவு. கோபம் வந்தால் இன்னும் குறைந்துவிடும். அதுதான் ஆபத்து என்று எங்களுக்குப் பிந்தித்தான் புரிந்தது.

குழு தொடங்கியது எண்பத்தொன்பதில். லியனார்ட் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற பெரிய கணக்கப்பிள்ளையின் மகன், உத்தியோகத்தர் குவாட்டர்ஸில் வளர்ந்தவன், மாதா கோயிலில் கித்தார் பழகியவன். அவன் மாமா ஒருவர் கப்பலில் வேலை செய்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த கெசட்டுகளில் வெள்ளைக்காரக் குழுக்களின் பாட்டு இருக்கும். ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், பாடிக்கொண்டிருந்தவன் எங்கேயோ போய்விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வருவான். எனக்கு முதலில் கெசட் பழுதாகிவிட்டது என்றுதான் பட்டது. லியனார்டுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. நாமும் இப்படி வாசிக்க வேண்டும் என்று நின்றான். என் அப்பா தொழிற்சாலை லொறி ஓட்டியதால் மின்சாரத்துக்கு லொறி பேட்டரி கொண்டுவருவது என் பொறுப்பு. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்கிற பிள்ளைக் காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கும், அங்கேதான் பழகினோம். டிரம்ஸ் வாங்க வழி இல்லை. தப்பு அடிக்கிற அழகனைக் கூட்டிவந்தவன் லியனார்ட்தான். அதை நான் மறைக்க மாட்டேன்.

முதல் நாள் அழகன் ஒரு தகர டின்னையும் தப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அடித்தான். ஏழு எண்ணிக்கை. நாங்கள் இரண்டு பேரும் வாசிப்பதை நிறுத்திவிட்டோம்.

"எங்கயிருந்துடா புடிச்ச இத?" என்று லியனார்ட் கேட்டான்.

"மலையிலதான்" என்றான் அழகன். "ஒரு செடிக்கு நாலு வெட்டு. அடுத்த செடிக்குப் போக மூணு அடி. காலையிலயிருந்து அதானே பண்றேன்."

தப்பில் அப்படி ஓர் அடி கிடையாது. இதை நன்றாகக் கவனியுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. காமன் கூத்திலும் இல்லை, திருவிழாவிலும் இல்லை, சாவிலும் இல்லை. மாயாண்டியே ஒரு நாள் வந்து கேட்டுவிட்டு, "என்னடா இது, நொண்டி நடக்குற மாதிரி இருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். நாற்பது வருடம் தப்பு அடித்த மனிதருக்கே தெரியாத தாளம் அது. அழகன் குழுவுக்குப் பெயர் தந்த அந்த எட்டாம் நம்பர் தேயிலை மலையில் கத்தியோடு நடந்து நடந்து தானாக உண்டாக்கினான்.

அதிலிருந்துதான் 'பெரட்டு' பிறந்தது. விடியற்காலையில் எல்லாரும் வரிசையில் நின்று வேலை பிரித்து வாங்குகிற அந்தப் பெரட்டுதான் பெயர். இருபத்திரண்டு நிமிடம், நாலு பாகம். "இவனுங்க ஒரு பாட்டு முடிக்கிறதுக்குள்ள ஒரு கூடை கொழுந்து எடுத்துடலாம்" என்று சனம் சிரித்தது. சிரித்துக்கொண்டே கடைசிவரை நின்றது.

இரண்டாம் பாகத்தில் கித்தாரும் பேஸும் மட்டும் எட்டு நிமிடம் மெதுவாகப் போகும். அதைப் பற்றி அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் பனிமூட்டத்தின் மௌனம், அடக்கப்பட்ட மக்களின் பெருமூச்சு என்று பதினொரு பக்கம் எழுதியிருக்கிறாள். உண்மை என்னவென்றால், எங்கள் ஊர்ப் பனியில் தப்புத் தோல் தொய்ந்துபோகும். அழகன் மேடைக்குப் பின்னால் போய்க் கடதாசியைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டிவிட்டு வர எட்டு நிமிடம் வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாம் பாகம் தப்பு மட்டும். அழகன் அந்த ஏழு எண்ணிக்கையை உடைப்பான், கூட்டுவான், எங்கேயோ கொண்டுபோய்விடுவான். கேட்கிறவனுக்கு எது முதல் அடி, எது கடைசி அடி என்று தெரியாது. நாலு நிமிடம் கழித்துத் தலையை ஒரு தடவை ஆட்டுவான். அதற்கடுத்த அடியில் நாங்கள் எல்லாரும் ஒன்றாக உள்ளே விழுவோம். லியனார்ட் அந்தத் தலையாட்டலுக்குக் காத்துக்கொண்டு நிற்பான். நான் மட்டும் அழகனுடைய இடது காலைப் பார்ப்பேன். எத்தனை உடைத்தாலும் முதல் வெட்டுக்கு அவன் இடது குதிகால் லேசாக அழுந்தும். மலையில் சரிவில் நின்று வெட்டுகிறவனின் பழக்கம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்றெட்டில் கொழும்புக்குப் போய் 'பெரட்டு'வைப் பதிவு செய்தோம். அழகன் நாலு நாள் சம்பளம் விட்டுவிட்டு வந்தான். புறப்படுகிற அன்று பதிவு செய்கிறவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். வீடு வரும்வரை ரயிலில் அழகன் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தான்.

மூன்று மாதம் கழித்து ஹட்டனில் ஒரு கடையில் கெசட்டைப் பார்த்தோம், நானும் அவனும். அட்டையின் பின்பக்கம் இப்படி அச்சாகியிருந்தது. இசையமைப்பு, கித்தார், குரல்: லியனார்ட். பேஸ் கித்தார்: ஜெயகாந்தன். தாளம்: மரபு.

அழகன் அதை இரண்டு தடவை வாசித்தான். "யாருடா அந்த ஆளு?" என்று கேட்டான். நான் மேல் வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெயர் அதில் இருந்தது. முதல் தடவையாக என் பெயரை அச்சில் பார்க்கிறேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

லியனார்டிடம் போய்க் கேட்டோம். அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினான். "டேய், அது நம்ம சனத்தோட தாளம்டா. நூத்தைம்பது வருஷத்து ரத்தம். அத ஒரு ஆளு பேர்ல போட்டா நம்ம சனத்துக்கே துரோகம் பண்ணுன மாதிரி. நீ பெரிய மனசு பண்ணணும்."

"அப்ப கித்தாரு?" என்றான் அழகன். "அதுவும் வெள்ளக்கார சனத்தோடதுதானே. அதுக்கு மட்டும் ஒன் பேரு எப்புடி வந்துச்சு?"

லியனார்ட் சிரித்தான். கித்தார் அடிப்பவனுக்குப் பெயர் உண்டு, தப்பு அடிப்பவனுக்குச் சாதிதான் உண்டு என்பது அவன் மனதில் இருந்த சட்டம். அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை, அதனால் மரபு என்று அச்சடித்துவிட்டான். அழகன் தோளில் இருந்த கையை எடுத்து மெதுவாகக் கீழே விட்டான். அன்றோடு அவன் குழுவில் இல்லை.

அதற்குப் பிறகு ஏழு டிரம்மர்கள் வந்து போனார்கள். ஒருவனாலும் மூன்றாம் பாகத்தை அடிக்க முடியவில்லை. கடைசியில் லியனார்ட் ஒரு வழி கண்டுபிடித்தான். தொண்ணூற்றெட்டில் பதிவான அழகனின் தப்பையே கம்ப்யூட்டரில் போட்டு ஓடவிடுவான். எப்போது உள்ளே வர வேண்டும் என்று காதில் மாட்டிய கருவி டிக் டிக் என்று எண்ணிச் சொல்லும். அதன் பிறகு எங்கள் மேடைகளில் ஓடியது அழகன் கைதான். கொழும்பு, கண்டி, சென்னை, ஒரு தடவை டொரொன்டோ. பேட்டிகளில் லியனார்ட் கண்ணை மூடிக்கொண்டு, "இந்த ஏழு என் கனவில் வந்தது" என்பான்.

அழகன் அந்தக் கெசட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தான். வீட்டில் டேப் ரெக்கோர்டர் கிடையாது. அவன் மனைவி பேச்சியம்மா, கொழுந்து எடுக்கிறவள், கதவு நிலையில் ஓர் ஆணி அடித்து அதை மாட்டிவிட்டாள், பின்பக்கம் தெரியும்படி. வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். மழைக் காற்றில் எழுத்து மங்கினால் பேனாவால் மேலே எழுதிவிடுவாள். லியனார்டை டிவியில் காட்டினால் அக்கம்பக்கத்தார் அவளைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் உசிரோடதான் இருக்காரு, நல்லது. நமக்கு வேலை இருக்கு" என்பாளாம். அவள் சாமியிடமும் வேறு எதுவும் கேட்டதில்லை. அந்த ஆளுக்கு நோய் நொடி வரக்கூடாது, நாம் திருப்பிக் கொடுக்கிறவரை நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அவள் வேண்டுதல்.

போன வருடம் குழுவுக்கு முப்பத்தைந்து. வெளிநாட்டிலிருந்து ஒரு படக்குழு வந்தது. எங்களை வைத்து டொகியுமென்டரி எடுக்க வேண்டும், பிறந்த தோட்டத்திலேயே 'பெரட்டு'வை வாசிக்க வேண்டும், மூன்றாம் பாகத்தில் கம்ப்யூட்டர் கூடாது, உள்ளூர்த் தப்புக் கலைஞர்கள்தான் வேண்டும் என்றார்கள். லியனார்ட் என்னைப் பிடித்தான். "நீ போய் அழகன்கிட்ட பேசுடா. பழசெல்லாம் மறந்திருப்பான்."

மறந்திருப்பானாம். நான் நாலாம் லயத்துக்குப் போனேன். பேச்சியம்மா வாசலில் நின்றாள். ஆணியில் கெசட் தொங்கியது.

"வாங்கண்ணே. எந்தச் சாவுக்குக் கூப்புட வந்தீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அழகன் காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே கேட்டான். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பைத் தடவினான். பிறகு சொன்னான்: "அடிக்கிறேன். ஆனா தப்புக்காரன மொறையா கூப்புடணும். அவனே வந்து வெத்தலை பாக்கு வைக்கட்டும்."

இங்கே எங்கள் தோட்டத்து முறையைச் சொல்லியாக வேண்டும். தப்பு அடிக்கிறவரை நல்ல காரியத்துக்கு அழைப்பதென்றால் வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். ஒரு வாய் தேத்தண்ணியாவது குடித்துவிட்டு, போயிட்டு வாறேன் என்று சொல்லிக்கொண்டு புறப்படுவார்கள். சாவுக்கு என்றால் உள்ளே வரமாட்டார்கள். வாசலில் நின்றபடி கையில் கொடுத்துவிட்டு, சொல்லாமல் திரும்பிவிடுவார்கள். சாவுக்கு வெற்றிலை வைப்பவர் அந்தச் சாவுக்குப் பொறுப்பாளி. பிணத்துக்குக் கோடித்துணி போட வேண்டியவரும் அவரே. கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளையானாலும் லியனார்ட் இங்கே பிறந்தவன். தெரியாது என்று அவன் சொல்ல முடியாது.

வந்தான். கூடவே இரண்டு கமரா. லேசான தூறல். பேச்சியம்மா உள்ளே பாய் விரித்து, புதுத் தட்டு வைத்து, தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள்.

"உள்ள வாங்க சார். பாய் போட்டிருக்கேன்."

"இல்லம்மா, வெளிச்சம் போயிடும்" என்றான் லியனார்ட். வாசலில் நின்றபடியே வெற்றிலையை அழகனின் கையில் வைத்தான். கமராக்காரன் ஏதோ சரியில்லை என்று கை காட்டினான். லியனார்ட் வெற்றிலையைத் திரும்ப வாங்கி, அதே வாசலில், அதே மாதிரி இரண்டாவது தடவையும் வைத்தான். உடனே போன் வந்தது. பேசிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டான். போயிட்டு வாறேன் என்று சொல்லவில்லை.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று தோன்றியது. இருபத்தாறு வருடத்தில் நான் வாயை மூடிக்கொண்டதில் அந்த ஒரு தடவைதான் சரியான காரியம்.

"பாத்தீங்களாண்ணே?" என்றாள் பேச்சியம்மா. அவள் கண் பளபளத்தது. "எளவுக்கு வச்சிட்டுப் போறாரு. அதுவும் ரெண்டு தடவ."

அழகன் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தான். "வச்சது வச்சாச்சு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தோட்டத்துக் கிரவுண்டில் மேடை. அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் லியனார்டுக்குப் பொன்னாடை போர்த்தினார், மஞ்சள் பட்டு. அதை அவன் கழற்றவே இல்லை. அதோடேயே கித்தாரை மாட்டிக்கொண்டான். தப்புக்காரர்களுக்கு ஒரே நிறச் சட்டை தைத்து வைத்திருந்தார்கள், முதுகில் 'மரபு' என்று எழுதி. சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. மற்ற மூன்று பேர் போட்டுக்கொண்டார்கள். அழகன் கவ்வாத்துக்குப் போகிற பழைய சட்டையோடு நின்றான்.

முதல் பாகம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் பாகத்தில் மேடைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. அழகன் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். எட்டு நிமிடம் முடிந்ததும் ஏறி வந்தான். மூன்றாம் பாகம்.

நாலு வெட்டு, மூணு அடி. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அதை உயிரோடு கேட்கிறேன். கம்ப்யூட்டரில் கேட்டதெல்லாம் பிணம் என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு நிமிடம் போயிற்று. லியனார்ட் கித்தாரில் விரலை வைத்துக்கொண்டு அவன் தலையைப் பார்த்தான். தலை ஆடவில்லை. ஐந்து நிமிடம். ஆறு. லியனார்ட் சிரித்துக்கொண்டே ஒரு தடவை உள்ளே விழுந்தான். பிழை. முழு அடி பிசகி, பல்லில் கல் கடிபட்டது போல் கேட்டது. நிறுத்தினான். மறுபடி விழுந்தான். மறுபடியும் பிசகு. முன்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"வா" என்றான் அழகன், மைக்கில் விழும்படி. கை நிற்கவில்லை. "ஒன் கனவுல வந்த தாளந்தானே. உள்ள வா."

மூன்றாம் தடவையும் மண்ணைக் கவ்வினான். கிரவுண்டே சிரித்தது. லியனார்ட் என் பக்கம் திரும்பி, "நீ எடுடா, ஜெயா, நீ எடு" என்று பல்லைக் கடித்தான். என்னால் முடியும். இடது குதிகால் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அது அழுந்தியது, ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நான் குனிந்து என் அம்ப்ளிபயரை அணைத்துவிட்டேன்.

அப்போதுதான் அழகன் தாளத்தை மாற்றினான். சாவுத் தப்பு. அந்த அடி தெரியாத ஆள் எங்கள் தோட்டங்களில் கிடையாது. சிரிப்பு வெட்டினாற்போல் நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். மேலே லயங்களில் கதவுகள் திறந்தன, "யாருங்க? யாரு தவறினது?" என்ற குரல் வந்தது. சாவுத் தப்பு நின்றதும் பெயர் சொல்லப்படும். அதற்காகச் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எத்தனை போன் வந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தப்பு நின்றது. அழகன் மைக்குக்கு முன்னால் வந்தான்.

"மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் சனங்களுக்கெல்லாம் சேதி! நாலாம் லயத்து மாயாண்டி மகன் அழகன் தவறிட்டாரு. வயசு இருவத்தெட்டு. தொண்ணூத்தெட்டாம் வருசம், கொழும்புல, பாட்டு பதியிற எடத்துல தவறிட்டாரு. நாலு வெட்டு மூணு அடி அவரு உண்டாக்குன தாளம். பொணத்த இருவத்தாறு வருசமா எடுக்கல. இன்னிக்கு எடுக்குறோம். வெத்தலை வச்சவரு லியனார்ட்டு, பெரிய கணக்கப்புள்ள மகன். எல்லாரும் வந்து சேருங்க!"

கமராக்காரன் ஒன்றும் புரியாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தான். லியனார்ட் மைக்கைப் பிடித்து, "இது நாடகத்தோட ஒரு பகுதி" என்று தொடங்கினான்.

"வெத்தலை வச்சவரு கோடி போடணும்!" கூட்டத்தின் நடுவிலிருந்து வந்த குரல் பேச்சியம்மாவுடையது. "ரெண்டு தடவ வச்சாரு. நான் பாத்தேன். ஒங்க கமராவுலயும் இருக்கு!"

"கோடி போடுங்க!" என்றது வேறொரு குரல். பிறகு பத்துக் குரல். பிறகு கிரவுண்ட் முழுக்க. கோபக் குரல் இல்லை. முறை தவறக் கூடாது என்று சாவு வீட்டில் சொல்வார்களே, அந்தக் குரல். அதற்கு எதிராக எவனாலும் நிற்க முடியாது. லியனார்ட் சுற்றிப் பார்த்தான். துணி ஒன்றுதான் இருந்தது. கழுத்திலிருந்து மஞ்சள் பட்டை உருவி அழகனின் தோளில் போட்டான். போட்டவுடன் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. செத்தவன் யார், அதற்குப் பொறுப்பு யார் என்று ஆயிரம் பேர் முன்னால் அவன் கையாலேயே ஒப்புக்கொண்டாயிற்று. உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தான். எனக்கு இரக்கம் வரவில்லை.

"கோடி வந்துருச்சு. பொணத்த எடுக்கலாம்" என்றான் அழகன். அந்த ஏழு தாளத்தை அடித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினான். மற்ற மூன்று தப்புக்காரர்களும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் போனார்கள். சனம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டு, பிறகு பின்னாலேயே நடந்தது. நாலாம் லயம் வரைக்கும் போனார்கள். கிரவுண்டில் லியனார்டும் கமராவும் பெரிய மனிதரும் காலி நாற்காலிகளும் நின்றார்கள். நானும் பேஸைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அழகன் லயத்துப் பீலியில் கொட்டுகிற மலைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தான், சாவுக்குப் போய்வந்தவன் குளிக்கிற மாதிரி. பேச்சியம்மா ஆணியிலிருந்து கெசட்டைக் கழற்றி அந்த மஞ்சள் பட்டில் சுற்றினாள். மறுநாள் வேலைக்குப் போகும்போது எட்டாம் நம்பர் மலையில் ஒரு செடியடியில் புதைத்துவிட்டு, பெரட்டுக்கு நேரத்தோடு போய் நின்றாளாம்.

கதை அங்கே முடிந்தது என்று நினைத்தேன். படக்குழு அந்த வீடியோவை வெளியிட்டது; போன மாதம்வரை அதைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று 'பெரட்டு'வைப் புதிதாக வெளியிடக் கேட்டது. ஆனால் வீடியோவைப் பார்த்த அவர்களுடைய வக்கீல், தாளம் உண்டாக்கியவரின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று சொல்லிவிட்டார். லியனார்ட் என் கடைக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். புது அட்டையைக் காட்டினான். தாளம்: அழகன். பெரிய எழுத்தில். "இதத்தானேடா கேட்டான்? நீ போய் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக் குடு. இது இல்லன்னா எல்லாம் போச்சு" என்று அழுதான்.

அழுகிறவனைத் துரத்த முடியவில்லை. அழகனின் பெயர் அச்சில் வரட்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தாளை எடுத்துக்கொண்டு நாலாம் லயத்துக்குப் போனேன். பாயில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். அழகன் அட்டையை வாங்கி இரண்டு தடவை வாசித்தான், ஹட்டன் கடையில் வாசித்த மாதிரியே. விரலால் தன் பெயரைத் தடவிப் பார்த்தான். பிறகு தாளை மடித்து என் கையில் கொடுத்தான்.

"ஊரே கேட்டுச்சேடா" என்றான். "கோடிகூடப் போட்டாச்சு. செத்தவன் எப்புடிக் கையெழுத்துப் போடுவான்?"

பேச்சியம்மா அடுப்படியில் சிரித்தாள். இருபத்தாறு வருடமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை. லியனார்ட் பஜாரில் காத்துக்கொண்டிருப்பான், என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வான். நான் எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, பேசாமல் படியிறங்கினேன்.

"டேய் ஜெயா!" பின்னாலிருந்து அழகன் கத்தினான். "சொல்லாம போற? இது என்ன சாவு வீடா?"

திரும்பிப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்த கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"போயிட்டு வாறேன்டா" என்றேன்.